கோ தெயின் சுடாமல் விட்ட மான்கள்

ரங்கூனின் தாமுவே சந்தையில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கோ தெயினின் மகள் தன்டாவின் அழைப்பு வந்தது. "அத்தே, அப்பா போய்ட்டாங்க. காலையில, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே" என்றாள். தமிழில் அவளுக்கு வந்தது அவ்வளவுதான். மீதியைப் பர்மிய மொழியில் சொல்லி அழுதாள். வெட்டிய மீனை வாங்காமலே நான் திரும்பி நடந்தேன். மீன்காரி பின்னாலிருந்து கத்தியது எனக்குக் கேட்டது; நடந்துகொண்டே இருந்தேன்.

ஏழாம் நாள் க்யிம்யிண்டைங்கில் உள்ள அவர் வீட்டில் பிக்குகளுக்கு உணவு படைத்தபோது நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். படித்துறையில் அவரோடு தேநீர் குடித்தவர்கள், அவருடைய மனைவி மா கின்னின் உறவினர்கள், கோயில் திருவிழாவில் அவரோடு பந்தல் கட்டியவர்கள். தெய்வநாயகம் என்று அவருடைய அப்பா வைத்த பெயர் உங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாருக்கும் அவர் கோ தெயின்தான். அவர் பதினோரு ஆண்டுகள் என்ன வேலை பார்த்தார் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். "மான் சுடுற வேலை" என்றேன். கேட்டவர்களின் முகம் சுருங்கியது. அது சரியான பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரங்கூனுக்கு வடக்கே, வண்டியில் இரண்டு மணி நேரத் தொலைவில், ஒரு முதலாளி அனுமதி வாங்கி வேலி போட்டு ஒரு காட்டை வைத்திருந்தார். உள்ளே கடமான்கள். நான் அங்கே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தேன். வேலிக்குள் மேய்ச்சல் அளவானது. மான்கள் பெருகினால் எல்லாமே மெலியும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்த பிறகு சிலவற்றைச் சுட்டுக் குறைப்பார்கள். சுடுபவர் கோ தெயின். எதைச் சுடுவது என்ற பட்டியல் என் கையில். மூன்று வயதாகியும் கொம்பு கிளைக்காமல் வெறும் குச்சியாக நிற்கும் ஆண் மான் ஆகாத வித்து, அதைக் கழித்துவிட வேண்டும் என்பது முதலாளி போட்ட விதி. படித்தவர்கள் போட்ட விதி என்று நானும் நம்பினேன்.

முதல் ஆண்டே சண்டை வந்தது. பட்டியலில் ஏழு மான்கள் இருந்தன. அவர் மூன்றைத்தான் சுட்டுவிட்டு வந்தார். "மிச்சம் நாலு எங்கங்க?" என்று கேட்டேன்.

"மா சௌந்தரம், நீங்க கொம்ப மட்டும் பாத்து எழுதியிருக்கீங்க. வயசப் பாக்கலை" என்றார்.

"காவலாளுங்க சொன்ன வயசத்தான் எழுதினேன்."

"அவங்களும் கொம்பப் பாத்துத்தான் வயசு சொல்றாங்க."

மறுநாள் என்னைக் கட்டாயமாக நீர்நிலைக் கரைக்கு அழைத்துப் போனார். பொழுது சாயும் முன் மான்கள் இறங்கின. கொம்பைக் கையால் மறைத்துக்கொண்டு உடம்பை மட்டும் பார்க்கச் சொன்னார். இளசுக்குக் கால் உடம்புக்கு மீறி நீளமாகத் தெரியும். வயிறு ஒட்டியிருக்கும். கழுத்து பெட்டை மானின் கழுத்துப்போல மெல்லியதாக இருக்கும். முதிர்ந்ததற்குக் கழுத்து தடித்து மார்போடு இறங்கிவிடும். முதுகு லேசாகக் குழியும். நடையில் அவசரம் இருக்காது. நான் மூன்று வயது என்று எழுதியிருந்த நான்கும் இரண்டைத் தாண்டாதவை என்று அப்போது எனக்கே தெரிந்தது. பட்டியலை அங்கேயே கிழித்தேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் இரக்கத்தால் விட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிழட்டு மானையும் நோய்கண்ட மானையும் ஒரே குண்டில் வீழ்த்துவார். அன்று மாலை அந்த இறைச்சியைத் தின்பார். இளங்கொம்பு விஷயத்தில்தான் அவருடைய கை நிற்கும். அதற்குக் காரணத்தை ஒரே ஒரு முறை, அலுவலக வண்டி வழியில் பழுதாகி நாங்கள் புளியமர நிழலில் காத்திருந்தபோது சொன்னார். இருபது வயதில் மலைப்பக்கம் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களோடு அலைந்திருக்கிறார். ஒரு நாள் அடிக்கட்டை தடித்த அருமையான கொம்போடு ஒரு கடமான் எதிரே வந்து நின்றது. சுட்டார். எல்லாரும் தோளில் தட்டினார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் மானின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாராம். தேய்மானமே இல்லை.

"மூணு வயசு. அந்த வயசிலயே அப்படிக் கொம்பு. ஆறு வயசில எப்படி இருந்திருக்கும்னு அந்த மலையில ஒருத்தனும் பாக்க முடியாமப் பண்ணிட்டேன்" என்றார்.

நான்காம் ஆண்டு நடந்ததை அங்கே வேலை செய்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று வயது நிறைந்த ஓர் ஆண் மான். வயதில் இம்முறை ஐயம் இல்லை. இடப்பக்கம் மெலிந்த குச்சி. வலப்பக்கம் காதுக்குமேல் ஒரு முண்டு, அதுவும் கோணல். முதலாளி விருந்தாளி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அதைக் கண்டதும் இருவரும் சிரித்தார்கள். "இத ஏன் இன்னும் வச்சிருக்கே? இப்பவே சுடு" என்றார் முதலாளி.

கோ தெயின் துப்பாக்கியை உயர்த்தவில்லை. "சயா, அதோட இடது பின்னங்காலப் பாருங்க. ஊன்றி நடக்கல. போன மழையில வேலியில மாட்டி முறிஞ்ச கால். பின்னங்கால்ல அடி பட்டா எதிர்ப்பக்கக் கொம்பு கோணும். வித்துல குத்தம் இல்லை."

"இன்னொரு பக்கமும் குச்சிதானே?"

"உடம்பு எலும்ப ஒட்ட வைக்கவா, கொம்பு வளக்கவா? ரெண்டு மழை விட்டுப் பாருங்க."

விருந்தாளி முன்னால் வேலைக்காரன் மறுத்துப் பேசியது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "பெரிய கொம்பு வரும்னு எழுதிக் குடுப்பியா?" என்றார். கோ தெயின் மறுத்துத் தலையை ஆட்டினார். "எழுதிக் குடுக்க மாட்டேன் சயா. வராமலும் போகலாம்."

வரும் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். முதலாளி துப்பாக்கியைப் பிடுங்கிக் காவலாளியிடம் கொடுத்தார். ஏனோ மானைச் சுடச் சொல்லவில்லை; ஆளைத் தண்டித்ததில் கோபம் தணிந்ததோ என்னவோ. மறுநாள் முதல் கோ தெயினுக்குப் புல் வெட்டும் வேலை. நாற்பத்தைந்து வயதில் இளவட்டங்களோடு குனிந்து புல் வெட்டினார். எனக்கு உறுத்தியது. அந்த மானைப் பட்டியலில் எழுதியவள் நான்தான். அதன் காலை நான் கவனித்திருக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "நொண்டினத எழுத உங்க தாள்ல இடமே இல்லையே" என்று சிரித்தார். அன்றே பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் சேர்த்தேன்.

இரண்டு மழை கழிந்தது. கால் தேறியது. இரு பக்கமும் மும்மூன்று கிளையோடு ஒழுங்கான கொம்பு வந்தது. ஆனால் சுவரில் மாட்டி வியக்கும்படியான கொம்பு இல்லை; நடுத்தரம். முதலாளி வந்து பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் சயா. நான் இன்னும் கொஞ்சம் தடிக்கும்னு நெனச்சேன். தப்பு" என்றார் கோ தெயின்.

முதலாளி நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பாக்கியை அவரிடம் கொடுக்கும்படி காவலாளிக்குச் சொல்லிவிட்டு வண்டியேறினார். அன்று மாலை கோ தெயின் என்னிடம், அந்த இரண்டு ஆண்டுகளும் பயமாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். தன்டா அப்போது பள்ளிக்கூடத்தில். மா கின் உடம்புக்கு முடியாமல் இருந்தார். வேலையே போயிருக்கலாம். "அப்பறம் ஏன் சொன்னீங்க?" என்றேன். "துப்பாக்கி என் கையில இருந்துச்சுங்க. சுட்டா, சுட்டவன் நான்தானே" என்றார்.

பின்னர் முதலாளி காட்டை விற்றுவிட்டார். மான்கள் வேறோர் இடத்துக்குப் போயின. நாங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம். கோ தெயின் படித்துறையில் மூங்கில் இறக்குபவர்களோடு சேர்ந்துகொண்டார். கடைசி ஓராண்டு ஈரல் கெட்டு வயிறு வீங்கி, கைலி இடுப்பில் நிற்காத நிலையில், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டால், டாக்டர் சொன்னதை அப்படியே சொல்வார். கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார்.

காடு கைமாறிய வாரத்தில், புதிய இடத்தார் கேட்டார்கள் என்று, இளம் ஆண் மான்கள் ஒவ்வொன்றையும் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எது தேறும், எது தேறாது என்று ஒரு வரி வேண்டும் என்றார்கள். இருபத்து மூன்று மான்கள். மூன்றுக்குத் தேறும் என்றார். ஒன்றுக்குத் தேறாது என்றார். மீதிப் பத்தொன்பதுக்கும், ஒவ்வொன்றாக நின்று யோசித்து, ஒரே பதிலைச் சொன்னார். "எல்லாத்துக்கும் இதையே எழுதினா உங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நெனப்பாங்க கோ தெயின்" என்றேன். "நெனச்சுக்கட்டும். நீங்க எழுதுங்க" என்றார்.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் மானையே பார்த்த மனிதர் சொல்ல, என் கையெழுத்தில் பத்தொன்பது முறை: இன்னும் தெரியாது, விட்டுப் பார்க்கவும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.