பச்சைப் பெயின்ற் முடிந்த திருநாள்

எங்கள் முல்லைத்தீவுக் கோயில் திருநாளுக்கு முதல் நாள் பச்சைப் பெயின்ற் முடிந்துபோனது. பந்தலில் வைக்கும் மாதா சுருவத்துக்குப் பின்னால் கட்டுவதற்காகச் சின்னம்மா பழைய வள்ளத்துப் பாய்ச்சீலை ஒன்றில் தென்னந்தோப்பு வரைந்துகொண்டிருந்தார். மரங்கள் எழும்பிவிட்டன, ஓலைகள் இல்லை. மிஞ்சியிருந்தவை வள்ளத்துக்குப் பூசும் நீல எண்ணெய்ப் பெயின்றும் சுவருக்குப் பூசும் மஞ்சள் தண்ணீர்ப் பூச்சும்தான். இரண்டையும் கலந்தபோது பால்போலத் திரைந்தது.

யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்தில் படித்த காலத்தில், பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் படத்தைச் சின்னம்மா புத்தகத்தில் கண்டிருந்தார். ஆறு, புல், மனிதர் எல்லாமே வெறும் புள்ளிகள். நிறங்களைக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தள்ளி நிற்பவரின் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளுமாம். ஈர்க்கில் பஞ்சு சுற்றி நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள் என்று பின்னேரம்வரை இருவரும் குத்தினோம். எனக்கு எட்டு வயது. மூக்கெல்லாம் பெயின்ற்.

பந்தலில் சீலையைக் கட்டியதும் அப்பாதான் முதலில் வந்தார்.

“என்ன மச்சாள், தென்னைக்குச் சின்னமுத்து அம்மை போட்டிருக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். கோயில் அலுவல்களைப் பார்க்கும் மூப்பர் சிரிக்கவில்லை.

“மாதாவுக்குப் பின்னால இதைக் கட்டேலாது. கழட்டுங்கோ.”

“கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்கோ” என்றார் சின்னம்மா.

மூப்பர் பத்தடி தள்ளி என்னருகில் வந்து நின்றார். “இப்பவும் புள்ளிதான்.”

“எனக்குப் பச்சையாத்தானே தெரியுது!” என்று கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை. கோபத்தில் மூப்பரின் கையைப் பிடித்து, கடற்கரையில் வள்ளங்கள் ஏற்றியிருந்த இடம்வரை இழுத்துப் போனேன். அவர் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார்.

“ஓமடி பிள்ளை! பச்சையேதான்!”

அதன்பின் ஊரே பந்தலுக்கும் வள்ளத்துக்கும் இடையில் ஓடியது. அப்பா மூன்று தரம் ஓடினார். மறுநாள் பூசை முடிந்தும் அந்த ஓட்டம் நிற்கவில்லை.

சின்னம்மா மட்டும் என் முன்னால் குந்தியிருந்து கேட்டார்:

“மூப்பரோட நிக்கேக்க உனக்குப் புள்ளியள் தெரியேல்லையா?”

“இல்லை. ஒரே பச்சை” என்றேன், பெருமையாக.

என் முகத்தை இரு கைகளாலும் பிடித்து என் கண்களை உற்றுப் பார்த்தார்.

அடுத்த கிழமை என்னை யாழ்ப்பாணத்துக் கண் டொக்டரிடம் கூட்டிப் போனார். இப்படியொரு கண்ணை டொக்டரும் பார்த்து மெச்சட்டும் என்றுதான் போகிறோம் என நினைத்து, திருநாள் சட்டையையே போட்டுக்கொண்டேன். அங்கே எனக்கு என்ன காட்டுவார்கள் என்று பஸ்ஸில் கேட்டேன்.

“எல்லாத்தையும்” என்றார் சின்னம்மா.