இரண்டு விரல் ஆழத்து மண்

அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. கண்டியில் மறுபடியும் அதே வெயில். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நான்கு முறை எழுந்து போய்ப் பூச்சாடிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். வாக்கியங்கள் முன்பின்னாக இருந்தால் உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனார், என்னைப் படிக்கவைத்தார். நான் படித்த இலட்சணம் ஊரறிந்தது: கூரைத் தகரம் விற்கிறேன். பிறகு இந்தக் கண்டி நகரத்து மஹய்யாவுக்குக் குடிவந்து, தையல் மெஷினில் வைத்த காலை முப்பது வருடம் அவர் எடுக்கவில்லை. குடிவந்த அன்று பஸ்ஸில் அவர் மடியில் இருந்தது மார்ஜரின் டின்னில் ஒரு பெகோனியா. அந்தத் தாய்ச்செடியின் பிள்ளைகள்தான் எங்கள் வாசலை அடைத்திருக்கும் மற்றச் சாடிகள் எல்லாம்.

குளிரூர்ச் செடிக்கு எங்கள் சீமெந்து வாசல் ஓர் அடுப்பு. மாசி பிறந்தால் அக்கா சாடிகளைச் செங்கல் மேல் ஏற்றி, நனைத்த சாக்கைச் சுற்றுவார். விடியற்காலையில் அடியில் ஒழுகும்வரை தண்ணீர் ஊற்றுவார். பிற்பகல் வெயிலுக்குப் பழைய நூல்சேலையைக் குறுக்கே கட்டுவார்.

சென்ற ஆண்டு அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கடையிலிருந்து இரண்டு தகரம் கொண்டுவந்து பந்தல் போட்டேன். கீழே செடிகள் அப்பளமாயின. பதறிப்போய் உச்சி வெயிலில் வாளி வாளியாக ஊற்றினேன்.

"செடி எப்புடிடா?" அன்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கேட்டார் அக்கா.

"ஜோரா இருக்குக்கா."

"ஒம் மூஞ்சி ஜோரா இல்லியே. நாளைக்கு மண்ணக் கொண்டா. மேலாப்புல வேணாம், ரெண்டு வெரல் ஆழத்துல."

மறுநாள் சோறு கட்டும் லன்ச் சீட்டில் மண்ணைப் பொட்டலம் கட்டிப் போனேன். விரலால் கசக்கிப் பார்த்தார்.

"மத்தியானம் ஊத்துனியா?"

"லேசா..."

"லேசாவா? கஞ்சி மாதிரி கெடக்கு. வேரு வெந்துரும்டா. தகரம் வேற போட்டிருப்பியே?"

"யாருக்கா சொன்னது?"

"தகரக் கடைக்காரன் வேற என்னத்தப் போடுவ? கழட்டு, என் சேலையக் கட்டு. தாய்ச்செடிய மட்டும் சாகடிச்சிறாத."

அன்றிலிருந்து தினமும் பொட்டலம்.

"கோயில் மண்ணாங்க?" என்றார் தாதி.

"இல்ல மிஸ், இவரு ரிப்போட்டு. இன்னும் பாஸாகல" என்றார் அக்கா.

கடைசி நாள் மாலை அவருக்குப் பேச்சில்லை. உள்ளங்கையில் மண்ணை வைத்தேன். இரண்டு விரல்கள் மெல்லத் தேய்த்தன. தலை சற்று அசைந்தது. தாய்ச்செடியில் அப்போது ஓர் இலை இல்லை, வெறுந்தண்டு. அந்த அசைவு பாஸா பெயிலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மழை வந்ததும் தண்டு துளிர்த்தது. இப்போது இரண்டு பூங்கொத்து நிற்கிறது. வெளியே வெயிலும் நிற்கிறது.

அக்காவைத் தூக்கிக் கழுவி, என் மண் சிந்திய படுக்கையை முகம் சுளிக்காமல் மாற்றிய தாதிமாருக்கும், மூன்று வேளையும் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், தோட்டத்திலிருந்து வந்து தோள்கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. திதிக்கு வருபவர்களிடம் எனக்கொரு விண்ணப்பம்: உள்ளே வருமுன் சேலை நிழலில் இருக்கும் மார்ஜரின் டின்னில் இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.