ஆட்டு ஏப்பத்துக்கு வரி

புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற என் மதினிக்கு உலகச் செய்தியெல்லாம் டென்மார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி மூலமாகத்தான் வரும். ஒருநாள் அவன் போனில் சொன்னானாம்: அங்கே மாடு விடுகிற ஏப்பத்தால் பூமி சூடாகிறது, அதற்கு வரி போடப்போகிறார்கள்.

நான் கோவில்பட்டியில் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக்கொடுத்துப் பிழைக்கிறவன். வரி என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது மதினியின் நம்பிக்கை.

“மெய்யாவா கொழுந்தனாரே?”

“மெய்தான் மதினி. நாட்டுக்கு நாடு மாறும். சில நாட்டுல கரிப்புகைக்குன்னே வரி உண்டு. நம்ம நாட்டுல பெட்ரோல், டீசல்ல சத்தமில்லாம வாங்கிக்கிடுதாவ. எண்ணெய் தோண்டுத சில நாட்டுல, வெலையைக் கொறைச்சுல்லா குடுக்காவ.”

“எல்லாருக்கும் ஒரே வானம்தான? வரி மட்டும் ஏன் மாறுது?”

இதற்குப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. நான் ஒன்றையும் படித்ததில்லை. படித்த முகத்தோடு, “எந்த அரசாங்கத்துக்கு எது சுலபமாக் கையில சிக்குதோ, அதுக்கு வரி” என்று அடித்துவிட்டேன்.

மதினி திரும்பிக் கொட்டிலைப் பார்த்தார். ஆடுகள் சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது கொட்டிலில் ஓமவாடை தூக்கியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடக் கால்நடை டாக்டர் வாசலில் நின்றார். “எத்தனை உருப்படிம்மா?” என்று கேட்டார்.

கண்படும் என்று சாதாரணமாகவே எங்கள் பக்கம் ஆட்டுக் கணக்கை வெளியாளிடம் சொல்லமாட்டார்கள். மதினி ஒரு படி மேலே போனார்.

“ரெண்டே ரெண்டு சார். அதுவும் ஏப்பம் விடாது. ஓமத்தண்ணி குடுத்திருக்கேன்.”

மிச்ச ஆடுகளைக் காலையிலேயே சீமைக்கருவேலங்காட்டுக்குள் பத்திவிட்டிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

“சரி, ரெண்டுக்கும் போட்டுட்டுக் கெளம்புதேன். பக்கத்து ஊர்ல நோய் வந்துட்டு, அங்கன போகணும்” என்று ஊசிப் பெட்டியைத் திறந்தார்.

மதினியின் முகம் செத்துவிட்டது. முன்னொரு மழைக்காலத்தில் அந்த நோய்தான் கொட்டிலைக் காலியாக்கியது. அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும் அதனால்தான். இன்னொரு தடவை அப்படியானால் மதினியும் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

“மதினி, நம்ம ஆட்டுக்கு வரியெல்லாம் கெடையாது” என்றேன்.

“சும்மா இருங்க. பெட்ரோல்லயும் இப்படித்தான சத்தமில்லாம வாங்குதாவ!”

சொல்லிவிட்டுக் காட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். முள்ளுக்குள்ளிருந்து ஆடுகள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. டாக்டர் வாயைப் பிளந்தார்.

“எல்லாத்துக்கும் போடுங்க சார். வரி வந்தா வரட்டும், கட்டுதேன். உசுரோட இருந்தாத்தான ஏப்பம் விடும்?”

முதல் ஊசி பெரிய கிடாவுக்கு. குத்திய வேகத்தில் அது டாக்டர் முகத்துக்கு நேரே, ஓமவாடையோடு, நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.

மதினி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். “விடு ராசா, நல்லா விடு.”