கிளினிக் நாளும் ஒரு டொபியும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வாவியின் நட்டநடுவில் நான் ஒரு பொய் சொன்னேன்.

பெரிய பொய் என்று சொல்ல முடியாது. "இல்ல மகள்." அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த இரண்டு சொற்களும் என் கூடவே நடக்கின்றன.

எங்கள் மண்டூர்ப் பக்கத்துச் சீனி வருத்தக்காரர்களுக்கு, அதாவது நீரிழிவுக்காரர்களுக்கு, செவ்வாய் என்றால் கிளினிக் நாள். விடியப் புறப்பட்டு, பாதையில் ஏறி, அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். அது புறப்பட்டால் எனக்குக் கண் பாதி தானாக மூடிக்கொள்ளும். மெல்லிய பனி, தண்ணீரில் கரைந்து கிடக்கும் வெளிச்சம், தடியில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம்... அக்கரை வராமலே இருந்தால் என்ன என்று தோன்றும். வெறும் வயிறு வேறு. கனவு காண அதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த வெறும் வயிற்றில்தான் விஷயமே இருக்கிறது.

இரத்தப் பரிசோதனைக்கு ஓர் இரவு சாப்பிடாமல் இருந்தால் போதும். நாங்கள் மூன்று நாளுக்கு முன்பே தொடங்கிவிடுவோம். சனிக்கிழமை சோறு பாதி. ஞாயிறு குரக்கன் ரொட்டியும் குறிஞ்சா இலைச் சுண்டலும். திங்கள் இரவு தண்ணீர் மட்டும். எதற்கு? வருத்தம் குறையவா? டொக்டர் ஏசக்கூடாது, அதற்குத்தான். கிளினிக் முடிந்து திரும்பும் பாதையை நீங்கள் பார்க்க வேண்டும். பைகள் திறக்கும் — எள்ளுருண்டை வரும், தொதல் வரும், வாய்ப்பன் வரும். என் சட்டைப் பையிலும் ஒரு பால் டொபி இருக்கும்.

இதெல்லாம் ஸஹ்ராவுக்குத் தெரியாது.

ஸஹ்ரா மருத்துவ மாணவி. சொந்த ஊர் ஓட்டமாவடி. கிராமத்தில் வேலை செய்ய விருப்பமுள்ள மாணவர்களை, எங்கள் ஊரில் இருப்பது போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளில் ஒரு மாதம் தங்கவைத்துப் பழக்குகிறார்கள். பிடித்திருந்தால் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். இறுதியாண்டின் பெரும்பகுதியை இப்படியான இடங்களிலேயே படிக்கலாம். பிடிக்காவிட்டால் பழையபடி நகரத்து வார்டு. ஸஹ்ராவின் படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவளுடைய உம்மாவுக்கோ, மகள் கொழும்பில் கண் டொக்டராக வரவேண்டும் என்பது ஒரே ஆசை.

"உங்களுக்கு என்ன ஆசை மகள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியா அங்கிள். இந்த வாவியப் பாத்தா இஞ்சயே இருந்திரலாம் போல இரிக்கு. உம்மாட முகத்த நினைச்சாப் பயமா இரிக்கு."

நல்ல பிள்ளை. கொஞ்சம் கண்டிப்பு அதிகம். வந்த முதல் வாரமே தெய்வானை அக்காவின் விரலில் குத்திச் சீனி பார்த்துவிட்டு, "இப்பிடியே போனா காலை எடுக்க வேண்டி வரும், தெரியுமா?" என்று எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டாள். தெய்வானை அக்கா வயல் வட்டையில் கூலி வேலை செய்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர்.  சீனி அளவு எழுதும் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் செவ்வாய் அவரும் பாதையில் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் கிளினிக் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஸஹ்ராவும் வந்திருந்தாள். நான் பாதிக் கண்ணை மூடிக் கனவில் இருந்த நேரம், பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். தெய்வானை அக்கா பலகையில் சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஸஹ்ரா ஓடிவந்து குனிந்தாள். "என்னம்மா சாப்பிட்டீங்க?"

"முந்தநாள்ல இரிந்து ஒண்டுமில்ல மகள்... குளிச மட்டும் போட்ட நான்."

சாப்பாடு இல்லாமல் சீனியைக் குறைக்கும் குளிசை மட்டும் உள்ளே போயிருக்கிறது. சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. ஸஹ்ரா நிமிர்ந்து உரத்துக் கேட்டாள். "ஆர்ட்டயாவது இனிப்பு இரிக்கா?"

ஒருவரும் அசையவில்லை.

"சீச்சீ, நாங்க இனிப்புப் பக்கமே போறல்ல டொக்டர்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர், பையை மெல்லப் பின்னால் தள்ளியபடி. எங்களுக்கு மாணவி, டொக்டர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. கிளினிக் நாளில் ஒரு டொக்டர் இனிப்பு இருக்கிறதா என்று கேட்டால் என்ன அர்த்தம்? சோதனை போடுகிறார் என்றுதானே?

ஸஹ்ரா என் பக்கம் திரும்பினாள். "அங்கிள்?"

"இல்ல மகள்."

டொபி என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் கண் நிரம்பிவிட்டது. "நான் ஏச மாட்டன். அல்லாஹ்வுக்காக ஆராவது தாங்க. இவங்களுக்கு ஏதும் ஆகிரும்."

என் கை பைக்குள் போனது. டொபி வெளியே வந்ததும், தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு போத்தலை நீட்டினார். சீனி போட்ட பிளேன் டீ. திரும்பும்போது குடிக்க வைத்திருந்தது. "விழுங்க ஏலுமாம்மா?" என்று கேட்டுக் கேட்டு ஸஹ்ரா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். பிறகு பார்த்தால்... ஒவ்வொரு பையாகத் திறக்கிறது. பாதை கலியாண வீடாகிவிட்டது. அக்கரை வருவதற்குள் தெய்வானை அக்கா எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம், "கிளினிக்குக்கு நேரம் போகுதுகா" என்றார்.

திரும்பும்போது ஸஹ்ரா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஏசினதுக்குப் பயந்துதான் பட்டினி கிடந்திரிக்காங்க. எனக்கு இது சரிவராது அங்கிள். ஃபோர்ம நான் குடுக்க மாட்டன்."

பொய் சொன்ன வாய்க்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று யோசித்தேன். நகரத்து வார்டில் நோயாளி கட்டிலில் வந்து படுத்துவிடுகிறார். டொக்டர் பார்ப்பது அவரை மட்டும். அவர் எந்தப் பயத்தோடு வீட்டிலிருந்து புறப்பட்டார், எந்தப் பையில் எதை ஒளித்துவைத்தார் என்பதை யார் பார்க்கிறார்கள்? அதற்குக் கூடவே பாதையில் வரவேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் மருந்தெடுக்க எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தெய்வானை அக்கா வந்தார். ஸஹ்ராவின் முன்னால் கொப்பியை விரித்து வைத்தார்.

"எழுதுங்க மகள். ராத்திரி ரெண்டு கோப்பை சோறு. மறுகா விடியச் சீனி போட்டுத் தேத்தண்ணி. வேலை இல்லாத நாள்ல குளிச போடுறல்ல. எல்லாத்தையும் எழுதுங்க."

ஸஹ்ரா ஏசவில்லை. எழுதினாள். எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், எத்தனை மணிக்கு வயலுக்குப் போவார் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அங்கே பொறுப்பாக இருக்கும் பெரிய டொக்டரைக் கூப்பிட்டு, குளிசை போடும் நேரத்தை மாற்றிக் கொடுத்தாள். பின்னால் தபால்காரர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்... கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காலை பாதையில் ஸஹ்ராவைக் கண்டேன். கையில் ஒரு கடித உறை. காற்று இல்லை. வாவி அசையாமல் வானத்தை வாங்கி வைத்திருந்தது. நாங்கள் மேகத்துக்கு மேலே போவது போல இருந்தது.

"நிரப்பியாச்சா?"

"ஓம் அங்கிள். குடுக்கத்தான் போறன்."

"உம்மாட்ட சொல்லிட்டீங்களா?"

அவள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ராத்திரி உம்மா ஃபோன் எடுத்துக் கேட்டா. இன்னும் யோசிக்கல்ல எண்டு சொல்லிட்டன். சொன்னா ஏசுவா."

நான் சட்டைப் பையிலிருந்த டொபியை எடுத்து நீட்டினேன். இந்தமுறை அவள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.