ஆண் நண்டைத் தேடிய மெகருன்னிசா

நேற்று சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் மெகருன்னிசாவின் தம்பியைக் கண்டேன். "அக்கா மௌத்தாயிட்டாங்க டீச்சர். நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். பேருந்து வந்தது. ஏறத் தோன்றாமல் கடைப் படியொன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் அவர் விஞ்ஞான ஆசிரியை, நான் தமிழ் ஆசிரியை. ஞாயிறுதோறும் ஜூரோங் சதுப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "உங்களுக்கு நண்டு அவ்வளவு பிடிக்குமா?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். "திங்கப் பிடிக்காது, பாக்கப் பிடிக்கும்" என்பார்.

ஒருநாள் அலையாத்தி வேர்களுக்கிடையே நகத்தளவு நண்டொன்று அகப்பட்டது. அவரிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த அதிகாரி லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். புதிய இனமாக இருக்கலாம், ஆனால் இது பெண்; ஆண் நண்டும் கிடைத்து, அதன் உறுப்பமைப்பைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். திரும்பி வீட்டருகே வந்ததும் மெகருன்னிசா, "இப்பவே சந்தோஷப்படக் கூடாதுலா" என்று சிரித்தார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அதன்பின் தேர்வுத் தாள்கள். ஒருவழியாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் செம்மண் கொட்டியிருந்தது. லாரிகள் வரிசையாக நின்றன.

"இங்க சேறு இருந்துச்சே?" என்று மெகருன்னிசா தமிழ் ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டார்.

"மூடியாச்சுக்கா. பேக்டரி வருதுலா. நம்ம பிள்ளைங்களுக்கு வேலை வேணாமா?"

"வேணும்தான்" என்றார் மெகருன்னிசா. பேருந்தில் ஏறியதும் சொன்னார்: "அவர் சொல்றதும் சரிதான், சரோஜா. ஆனா அந்த நண்டு எங்க போகும்?"

அடுத்த ஞாயிறு காலையில் என் வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "கிராஞ்சிப் பக்கம் சதுப்பு இருக்காம். போலாமா?" எனக்குக் கால்வலி. அவருக்கும் அங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. போனோம். கிடைக்கவில்லை. அதன் பிறகும் போனோம், இந்த வாரம் நெஞ்சுநோய் அவரைப் படுக்கையில் தள்ளும்வரை.

அலுத்துப்போன பிறகும் ஞாயிறு வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் பழக்கம் ஒன்றை எனக்கு விட்டுப் போயிருக்கிறார். நாளை ஞாயிறு. முதல் தடவையாகத் தனியே போகவேண்டும்.