புளி, மிளகு, மிளகாய்

“...நிறத்தை நீ சொன்னா அப்பா நம்பமாட்டாரு, இப்படிக் கொண்டா,” என்று கைநீட்டினாள் அம்மா. அப்பாவுக்குக் காது மந்தம். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் இருந்தால்தான் பாட்டு. அதில் கருகிப்போன ரெசிஸ்டருக்குப் பதிலாகத் தாம்பரத்தில் புதுசு வாங்கி வந்திருந்தேன்.

அந்தக் கருகல் வாடையிலேயே பழைய கோவிலம்பாக்கம் வீட்டுக்குப் போய்விட்டேன். அப்பா கண்ணுக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான். ஒருநாள் ரெசிஸ்டரின் அளவைச் சொல்லும் நிறக்கோடுகளைத் தானே பார்த்து, தப்பானதை மாட்டியதில் ரேடியோ புகைந்தது. “என்னைக் கூப்பிட்டா கிரீடம் இறங்கிடுமா?” என்றாள் அம்மா. அப்புறமெல்லாம் ஈயம் உருகும் மணத்துக்குள் தாளிப்பு மணத்தோடு வந்து, அவள்தான் நிறம் சொல்வாள்: “புளி, மிளகு, மிளகாய்.” பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று அர்த்தம்.

இப்போது அவள் கண்ணும் மங்கல். “மூணாவது கோடு புளின்னா மறுபடி புகைஞ்சிடும், நல்லா பாரு,” என்றார் அப்பா. அம்மா அடுக்களைக்குப் போய், ஒரு காய்ந்த மிளகாயை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ரெசிஸ்டரோடு சேர்த்துப் பிடித்தாள்.