அறுபதில் கூப்பிடும் வண்டி

பழைய கார் விற்பவனிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஆக்சிடென்ட் வண்டி இல்லீங்களே?" என்பதுதான், எல்லோருக்கும் நாங்கள் சொல்லுகிற பதிலும் ஒன்றேதான். அந்தப் பதிலை நம்பி வாங்கிவிட்டு மெக்கானிக் ஷெட்டே கதி என்று கிடந்த அன்பர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அடிக்க வராதீர்கள். நானும் பட்டவன்தான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருப்பூரில் பல்லடம் ரோட்டு ஓரமாக ஒரு கார் யார்டில் எனக்கு வேலை. வருகிற வண்டியைப் பார்த்து எடுப்பதும் நான்தான், பேசி விற்பதும் நான்தான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் நிறை, மறுபக்கம் குறை என்று எழுதி வண்டிக் கண்ணாடியில் தொங்கவிடுவோம். சின்னக் குறை நாலை நாமே எழுதிவிட்டால் பெரிய குறையை யாரும் தேடமாட்டார்கள் என்பது முதலாளி கண்டுபிடித்த சூட்சுமம். ஒரே ஒரு வண்டியிடம் மட்டும் அந்தச் சூட்சுமம் பலிக்கவில்லை.

பாலீஷ் நிற்காத இடம்

கருநீலக் குட்டி ஜீப்பு அது. எஸ்.யூ.வி. என்றால் அன்றைக்கு ஷோரூம்காரருக்கு மட்டும்தான் புரியும், ஊருக்கு அது குட்டி ஜீப்பு. வெளியூர் புரோக்கர் ஒருவரிடமிருந்து நானே பார்த்து எடுத்தேன். தாளும் சுலபமாக எழுதி முடிந்தது. நிறை: உயரம் நல்ல உயரம், மழைத்தண்ணி நிற்கிற ரோட்டில் அடி தட்டாது. நீளம் குறைவு, வேலம்பாளையம் சந்துக்குள் ஒரே வெட்டில் திரும்பும். உட்கார்ந்தால் ரோடு மொத்தமும் தெரியும். குறை: பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருத்தர் மடியில் ஒருத்தர். வளைவில் ஆளைச் சாய்க்கும். வேகத்தடையில் தூக்கிப் போடும். பின்னால் ரெண்டு பனியன் பண்டல் வைத்தால் கதவு சாத்தாது.

எங்கள் பெயிண்டர் ஆரோக்கியம் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பின் இடது கதவை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுழி தெரிகிறது என்று கூப்பிட்டுக் காட்டினான். பாலீஷ் மெஷின் போட்டால் வட்டம் வட்டமாகத் தடம் விழுவது சகஜம், துடைத்தால் போய்விடும். இது போகவில்லை. அடியில் நசுங்கலைப் பட்டி பூசி மறைத்த இடத்தில்தான் பெயிண்ட் இப்படி அடம்பிடிக்கும். அப்படியானால் அந்தப் பக்கம் பலமாக அடிபட்ட வண்டி, எடுக்கும்போது நான் கோட்டை விட்டிருக்கிறேன். முதலாளி காதுக்கும் விஷயம் போயிற்று. ஆடி பிறந்தால் யாரும் வண்டி வாங்கமாட்டார்கள், அதற்குள் ஒன்று வண்டி போகவேண்டும், இல்லையென்றால் நான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆரோக்கியம் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினான்:

"அண்ணாச்சி, மூணு வாட்டி அழிச்சாச்சு. காலைல வந்து பாத்தா பழையபடி முழிச்சுக்கிட்டு கெடக்கு."

ஆறு பல்லு

முதலில் வந்தவர் நிட்டிங் கம்பெனி வைத்திருந்த ஒருத்தர். கூடவே மாமனாரைக் கூட்டிவந்தார். மாமனார் காங்கேயம் பக்கம் மாட்டுத் தரகர். மனுஷன் சந்தையில் காளை பார்க்கிற மாதிரியே வண்டியைப் பார்த்தார். பானெட்டைத் தட்டினார். குனிந்து வயிற்றைப் பார்த்தார். டயரில் விரலை ஓட்டி, "ஆறு பல்லு ஆயிருச்சுங்க" என்றார். மாட்டுக்கு வயசு சொல்கிற கணக்கு அது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "உயரமிருக்குது, இழுவையிருக்குது, நடையில கொஞ்சம் ஆட்டமிருக்குது" என்று நான் ஒரு மணி நேரம் யோசித்து எழுதிய தாளை மூன்றே பேச்சில் முடித்தார்.

பிறகு இடது பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார். ஆரோக்கியம் அன்று காலையில்தான் நாலாவது முறையாக அழித்திருந்தான், என் கண்ணுக்கே ஒன்றும் தெரியவில்லை. அவர் மட்டும் சரியாக அந்த இடத்தில் கையை வைத்து, சூடுபட்டவர்போல எடுத்துக்கொண்டார். மருமகன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, தாங்கள் வந்த காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே ஓடி, என்னங்க விஷயம் என்று கேட்டேன்.

"மாட்டுல இந்தச் சுழிக்குப் பேரு பெண்டிழந்தானுங்க. இதக் கட்டுன கட்டுத்தறியில ஊட்டுக்காரம்மா நெலைக்காதுங்க."

பின்சீட்டுக் குரல்

அடுத்து வந்தவர் பல்லடத்தில் விசைத்தறி போட்டிருந்த கந்தசாமி. வெயில் சுள்ளென்று அடிக்கிற பதினோரு மணி. ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில், அவர் சம்சாரம் பின்னால் இடது ஓரத்தில். கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்டிருந்தது. கோழிப்பண்ணைகளைத் தாண்டி ரோடு நேராகிற இடத்தில் முள் அறுபதைத் தொட்டது. பின்னாலிருந்து மெதுவாக, இழுத்தாற்போல ஒரு குரல்: "ஏனுங்…"

எங்கள் பக்கத்தில் பொண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லியா கூப்பிடுகிறாள்? ஏனுங்க என்றால் எந்தப் புருஷனும் திரும்பித்தான் ஆகவேண்டும். கந்தசாமி, "என்ன?" என்று முழு உடம்போடு திரும்பிவிட்டார். எதிரே கோழிக்கூண்டு லாரி. நான் எட்டி ஸ்டியரிங்கை ஒடித்திருக்காவிட்டால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. ஓரமாக நிறுத்தி, "வண்டி ஓட்டறப்ப எதுக்குடி கூப்புட்டே?" என்று அவர் சத்தம் போட்டார். அந்தம்மா சீட்டின் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நா கூப்புடவே இல்லீங்க. எனக்குமே காதோரத்துல கேட்டுச்சுங்க."

ஒரு வாரக் குடித்தனம்

அதற்குப் பிறகு நான் ஒரு தந்திரம் செய்தேன். ஆரோக்கியத்தை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். "காத்து அண்ணாச்சி, வேற என்ன?" என்றான். அவன் ஊரில் யாரும் ஏனுங்க போடுவதில்லையே! அப்புறமென்ன, இந்த வண்டிக்குத் தெக்கத்தி ஆள்தான் சரி என்று முடிவுகட்டி, திருநெல்வேலியிலிருந்து வந்து வேலம்பாளையத்தில் தையல் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். அவருக்கு நிறை எல்லாம் பிடித்துப்போயிற்று, குறை எதுவும் உறைக்கவில்லை. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று தலையில் கட்டிவிட்டேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் வண்டி வாசலில் நின்றது. அவருக்கு ஒரு குறையும் இல்லையாம். டிரைவர்தான் ஓட்டமாட்டேன் என்று சாவியை நீட்டிவிட்டானாம். டிரைவர் உள்ளூர்க்காரன், கல்யாணமாகாதவன். வண்டியைப் பார்த்து நிற்கக்கூடப் பிடிக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் பேசினான்.

"ஒருக்கா கூப்புட்டா என்னன்னு கேக்கலாமுங்க. தெனமும் கூப்புட்டுட்டு ஒண்ணுமே சொல்லாம இருந்தா எப்புடீங்க ஓட்டறது?"

சோற்றுத் தட்டின் முன்னால்

வேறு வழியில்லாமல் குறைப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: "அறுபதுக்கு மேல் பின் இடது கதவில் காற்றுச் சத்தம்." எழுதிவிட்டேனே தவிர, அது காற்றா என்று எனக்கே தெரியவேண்டியிருந்தது. மத்தியானம் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். ஐம்பத்தெட்டில் ஒன்றுமில்லை. அறுபதில் கூப்பிட்டது. வேகத்தைக் குறைத்தால் நிற்கும், ஏற்றினால் மறுபடி. கோபமில்லை, அழுகையில்லை. வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவள், சொல்லலாமா வேண்டாமா என்று கூப்பிடுகிற குரல். மூன்றாவது தடவை என் வாய் தானாக "ம்?" என்றது. நாற்பதுக்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

சோறு போட்டு வைத்திருந்தது. உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னாலிருந்து "ஏனுங்க" என்று கேட்டது. நான் திரும்பவில்லை. மறுபடி கேட்டது. கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. திரும்பினால் அங்கே யாரும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. என் சம்சாரம் ரசச்சட்டியோடு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, தொண்டத்தண்ணி வத்தக் கூப்புடறேன், காது கேக்கலீங்களா?"

நாலு ஊக்கு

ஆடிக்கு நாலே நாள். கதவைப் பிரித்துப் பார்த்துவிடு என்று ஆரோக்கியத்திடம் சொன்னேன். விஷயம் அற்பம். அடிபட்ட பிறகு கதவைக் கழற்றி நிமிர்த்தி மாட்டிய யாரோ, சுற்றுக்கு வைக்கிற ரப்பரைச் சரியாகப் பொருத்தவில்லை. மேல் மூலையில் ரெண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்து உள்ளே மடங்கியிருந்தது. வேகமெடுத்தால் அதற்குள் காற்று புகுந்து ஊதுகிறது. "பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல!" என்று அவனுக்கு ஒரே பெருமை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. புது ரப்பர் போட்டு எண்பது வரை விரட்டினேன். வண்டி வாயே திறக்கவில்லை. தாளில் அந்த ஐந்தாவது வரியைச் சந்தோஷமாகக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

திரும்பி வந்தால் ஆரோக்கியத்தின் பெருமையெல்லாம் வடிந்திருந்தது. கதவின் உள்பலகையைக் கழற்றித் துடைத்தபோது அடியிலிருந்து என்னமோ விழுந்ததாம். பெண்கள் அவசரத்துக்கு ஆகுமென்று தாலிக்கொடியில் கோத்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஊக்கு. நாலும் ஒன்றோடொன்று கோத்தபடி துருவேறிக் கிடந்தன. தூக்கிப் போட அவனுக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பழைய ரப்பரில் அதைக் குத்தி, ஷெட்டு ஆணியில் மாட்டிவிட்டான்.

"காத்துன்னே வச்சிக்கிடுவோம் அண்ணாச்சி. காத்துக்கு எதுக்கு ஊக்கு?"

அடித்த வரி

ஆடிக்கு முந்தின நாள் ஒருவர் வந்தார். நாற்பது வயசிருக்கும், காங்கேயத்தில் எண்ணெய் மில், பெயர் பழனிச்சாமி. வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தாளுக்குப் போய் அடித்த வரிமேல் விரலை வைத்தார். "இத ஏனுங்க அடிச்சீங்க?" சரி பண்ணிவிட்டோம் என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. ஓட்டிப் பார்க்கக் கேட்டார். அறுபது. எழுபது. எண்பது. திரும்ப வந்து மறுபடி அறுபது. அமைதியாக இருந்தது. நான் அந்த அமைதியை ஒரு நிறையாகவே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், மடையன்.

யார்டுக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே சொன்னார். "இது என்ற வண்டிதானுங்க. பின்னால அந்த ஓரத்துலதான் என்ற சம்சாரம் உக்காந்திருந்தா. 'ஏனுங்க'ன்னு கூப்புட்டா. சித்த சும்மா இரு, அப்பறம் பேசலாம்னேன். அந்தப் பக்கமிருந்து லாரி வந்திருச்சு. லாரியப் பாத்துத்தான் கூப்புட்டாளோ, வேற எதுக்கோ, தெரியலீங்க. ரிப்பேர் பண்ணி ஊட்டுக்கு ஓட்டீட்டு வரையில மறுக்காவும் கூப்புட்டா. பயந்துபோயி மறாநாளே வித்துப்போட்டேன். அவளுக்குப் பயந்தேன் பாருங்க! ரெண்டு வருசமா யார்டு யார்டா இதத்தான் தேடறேன்." சாவியை என் கையில் வைத்து, வேண்டாமுங்க என்று எழுந்தார். என் வேலையும் அவரோடு வெளியே நடந்தது. ஆனால் சத்தியமாக அப்போது எனக்கு வேலை ஞாபகத்தில் இல்லை. "ஆரோக்கியம், அந்தப் பழைய ரப்பரை எடுடா!" என்று கத்தினேன்.

அவன் ஊக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கிழிசல் உள்ளே மடங்கும்படி அதே மூலையில் ரப்பரைப் பொருத்தினான். அவர் ஊக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி கிளம்பினோம். பின்சீட்டில் யாருமில்லை. கோழிப்பண்ணைகள் தாண்டின, ரோடு நேரானது, முள் ஏறியது. "ஏனுங்…" அவர் திரும்பவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது, காலை எடுக்காமல் அறுபதிலேயே நிறுத்திவைத்திருந்தார்.

"சொல்லு கண்ணு, கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

குறையென்று நான் எழுதி அடித்த ஒரே வரிக்காக அந்த வண்டி விலைபோன நாளிலிருந்து, அன்பர்களே, எந்த வண்டிக்குத் தாள் எழுதினாலும் நடுவில் கோடு மட்டும் போடுவதில்லை.